எக்ஸ்ஃபாயில் மென்பொருள்: சமச்சீர் இறக்கைக்கு லிஃப்ட் கணக்கிட எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஏரோநாட்டிகல் படிப்பவர்கள், ஆர்சி (ரிமோட்டில் இயங்கும்) விமானம் செய்பவர்கள், வீட்டு மொட்டைமாடியில் சின்னக் காற்றாலை சுழலவிட ஆசைப்படுபவர்கள் எல்லோரும் எக்ஸ்ஃபாயில் என்ற பெயரை எங்காவது கேட்டிருப்பீர்கள். இறக்கையின் வெட்டுமுகத்தைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று கணக்கிடும் இலவச மென்பொருள். இதைப் பற்றிப் படிக்கக் கிடைக்கும் விமர்சனங்களில் பாதி "பழசு, ஆனாலும் நல்லது" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. எந்த வேலைக்கு நல்லது, எந்த எண்ணை நம்பலாம், எந்த எண்ணை நம்பி மரத்தை வெட்டக் கூடாது என்று சொல்வதில்லை. அதனால் இங்கே ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: மேலும் கீழும் ஒரே மாதிரி வளைந்திருக்கிற, மெல்லிய, சமச்சீர் ஏர்ஃபாயிலின் (இறக்கையின் வெட்டுமுக வடிவம்) லிஃப்ட்டை, அதாவது மேலே தூக்கும் விசையை, இது எவ்வளவு சரியாகக் கணிக்கிறது. அந்த வேலைக்குத்தான் நான் இதை அதிகம் பயன்படுத்துகிறேன், விமானத்தின் வால்கள், ஏரோபாட்டிக் மாடல்களின் இறக்கை, படகின் சுக்கான் எல்லாம் அநேகமாக இந்த வகைதான்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால், பேப்பரில் போடும் கணக்கு என்ன விடை தருகிறது என்று பார்த்துவிட வேண்டும். அதுதான் இங்கே உரைகல். கல்லூரியில் தின் ஏர்ஃபாயில் தியரி என்று நடத்துவார்களே, அது. ஜெர்மனியில் காற்றியக்க அறிஞர் பிராண்டிலிடம் வேலை பார்த்துவிட்டு 1920இல் நாசாவுக்கு முன்னோடியான அமெரிக்காவின் நாக்கா அமைப்புக்குப் போன மேக்ஸ் மங்க், 1922இல் அதன் அடிப்படையை ஓர் அறிக்கையாகக் கொடுத்தார். பிரிட்டனைச் சேர்ந்த கிளவர்ட் அதை இன்றைக்கு வகுப்பில் கரும்பலகையில் எழுதும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இறக்கையின் வெட்டுமுகத்துக்குத் தடிமனே இல்லை என்று வைத்துக்கொள்கிறார்கள். மிஞ்சுவது அதன் நடுக்கோடு மட்டும். அந்தக் கோடு முழுக்கச் சுழல்களைப் பரப்பி, காற்று கோட்டைக் குறுக்கே ஊடுருவக் கூடாது, பின்விளிம்பில் மேல்காற்றும் கீழ்க்காற்றும் வழுவழுவென்று சேர்ந்து விலக வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளைப் போடுகிறார்கள். இரண்டாவதுதான் குட்டா நிபந்தனை. சமச்சீர் ஏர்ஃபாயிலில் நடுக்கோடு நேர்கோடாகவே இருப்பதால் கணக்கு ரொம்பச் சுருங்கிவிடுகிறது: லிஃப்ட் கெழு (வேகம், பரப்பு எதையும் சாராமல் லிஃப்ட்டைச் சொல்லும் எண்) என்பது இரண்டு பை பெருக்கல் தாக்குகோணம் (வரும் காற்றுக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம்), கோணத்தை ரேடியனில் எடுத்துக்கொள்ள வேண்டும். டிகிரிக் கணக்கில் சொன்னால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.11. அதாவது 5 டிகிரிக்கு 0.548, 10 டிகிரிக்கு 1.097.

கூடவே இன்னொரு விடையும் வருகிறது. விசை மையம், அதாவது லிஃப்ட் செயல்படும் புள்ளி, முன்விளிம்பிலிருந்து நாணின் (முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் நேர்கோடு) கால்பங்கு தூரத்தில் இருக்கும், கோணம் மாறினாலும் அங்கிருந்து நகராது. வளைவு உள்ள ஏர்ஃபாயிலில் இந்தச் சௌகரியம் கிடையாது, கோணத்தோடு சேர்ந்து மையமும் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய ஹெலிகாப்டர்களின் சுழலிறக்கைகளுக்குச் சமச்சீர் வடிவத்தை விரும்பி எடுத்ததற்கு இது ஒரு பெரிய காரணம், நீளமான ஒல்லி பிளேடு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே.

சரி, இப்போது மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் மார்க் ட்ரெலா 1986இல் எழுத ஆரம்பித்தது, பிறகு ஹெரால்ட் யங்ரனும் சேர்ந்துகொண்டார். அந்தச் சமயத்தில் எம்.ஐ.டி.யில் மனிதன் பெடல் மிதித்தே பறக்கும் டெடலஸ் விமானத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. 1988 ஏப்ரல் 23 அன்று கிரீட் தீவிலிருந்து சான்டோரினி வரை சுமார் 115 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குள் கடந்த விமானம் அது. அவ்வளவு மெதுவாகப் போகும் விமானத்துக்கு, வேகமான ஜெட்டுகளுக்காகச் செய்த கணக்குமுறைகள் ஒத்துவராது, குறைந்த ரெனால்ட்ஸ் எண்ணில் (இறக்கையின் அளவையும் வேகத்தையும் காற்றின் பாகுத்தன்மையோடு ஒப்பிடும் எண், சின்ன, மெதுவான இறக்கைக்குக் குறைவு) காற்று வேறு மாதிரி நடந்துகொள்ளும். அந்தத் தேவையிலிருந்து பிறந்த மென்பொருள் என்பதால்தான் மாடல் விமானக்காரர்களுக்கு இது இவ்வளவு ஒத்துப்போகிறது. ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது, ஜிபிஎல் உரிமம், மூல நிரல் முழுக்கத் திறந்திருக்கிறது. 6.99 என்ற பதிப்பு 2013இல் வந்தது. எம்.ஐ.டி. தளத்தில் விண்டோஸுக்கான கோப்பு இருக்கிறது, டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். எந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் கேட்காது.

திறந்தால் ஒரு கறுப்பு ஜன்னல், அதில் ஒரு கட்டளைப் பட்டியல், அவ்வளவுதான். பொத்தானும் கிடையாது, மவுஸுக்குப் பெரிதாக வேலையும் கிடையாது. முதல் தடவை பார்ப்பவர்கள் பாதிப் பேர் இங்கேயே மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள், அது ரொம்ப வருத்தமான விஷயம், ஏனென்றால் வேலைக்கு வேண்டிய கட்டளைகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், இங்கே உச்சரிப்பை எழுதுகிறேன். "நாக்கா 0012" என்று அடித்து என்டர் தட்டினால் ஏர்ஃபாயில் தயார். கடைசி இரண்டு இலக்கம் தடிமன், நாணில் 12 சதவீதம், முதல் இரண்டு பூஜ்ஜியங்கள் வளைவு இல்லை என்பதைச் சொல்கின்றன. அப்புறம் "ஓப்பர்". அப்புறம் "ஆல்ஃபா 5". உடனே ஒரு படம் திறந்து, அழுத்தப் பரவல் வளைகோடும் பக்கத்தில் லிஃப்ட் கெழுவும் வந்துவிடும். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது.

இங்கேதான் எனக்கு இந்த மென்பொருள் மேல் பெரிய மரியாதை. நேரே பாகுத்தன்மையைச் சேர்க்கும் "விஸ்க்" கட்டளையைப் போட்டு ரெனால்ட்ஸ் எண் கொடுத்து ஓடாதீர்கள், முதலில் காற்றுக்குப் பாகுத்தன்மையே இல்லை என்ற நிலையிலேயே கொஞ்ச நேரம் இருங்கள். நாக்கா 0012, 5 டிகிரி. பேப்பர் கணக்கு 0.548 என்றது, எக்ஸ்ஃபாயில் 0.60ஐ ஒட்டிய எண்ணைக் காட்டும். பத்து சதவீத வித்தியாசம்! மென்பொருள் தப்பா, தியரி தப்பா என்று குழம்ப வேண்டாம். தடிமனை மாற்றிப் பாருங்கள். நாக்கா 0018 போட்டால் 0.63 பக்கம் ஏறும். நாக்கா 0006 போட்டால் 0.57 சுற்றி இறங்கும். நாக்கா 0003க்குப் போனால் 0.56. தடிமன் குறையக் குறைய எண் 0.548ஐ நோக்கி இறங்கிக்கொண்டே வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தியரி தடிமன் இல்லாத கோட்டுக்குப் போட்ட கணக்கு, மென்பொருள் தடிமனையும் சேர்த்துப் போடுகிறது, தடிமன் சேர்ந்தால் பாகுத்தன்மை இல்லாத காற்றில் லிஃப்ட் கூடும். பாடத்தில் ஒரு வாக்கியமாகப் படித்துவிட்டு மறந்துபோகிற விஷயம், இங்கே நாலு தடவை என்டர் தட்டினால் மனதில் உட்கார்ந்துவிடுகிறது.

இப்போது "விஸ்க்" போட்டு 60 லட்சம் ரெனால்ட்ஸ் எண் கொடுங்கள், சிறிய பயணிகள் விமானத்தின் இறக்கைக்குப் பொருந்தும் அளவு. அதே 0012, அதே 5 டிகிரி. எண் 0.55, 0.56 பக்கம் இறங்கிவிடும். அதாவது பேப்பர் கணக்கு சொன்ன இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது.

என்ன நடந்தது? இறக்கையின் பரப்பை ஒட்டி ஓடும் காற்று பாகுத்தன்மையால் வேகம் இழந்து ஒரு எல்லைப்படலமாகப் படிகிறது. கோணம் கொடுத்த பிறகு மேல்பக்கப் படலம் பின்விளிம்பை நெருங்க நெருங்கத் தடித்துப்போகிறது, கீழ்ப்பக்கப் படலம் அவ்வளவு தடிப்பதில்லை. வெளியே ஓடும் காற்றுக்கு, இறக்கையின் வால் பகுதி லேசாக மேலே தூக்கிவிட்டது போன்ற வடிவம் தெரிகிறது, அதனால் லிஃப்ட் குறைகிறது. ஆக, தடிமன் கிட்டத்தட்ட பத்து சதவீதம் ஏற்றிவிடுகிறது, எல்லைப்படலம் கிட்டத்தட்ட அதே அளவு இறக்கிவிடுகிறது. இரண்டையுமே கணக்கில் எடுக்காத தியரி, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் சரியான விடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நாசா, பிற மென்பொருள்களைச் சரிபார்ப்பதற்காக வெளியிட்டிருக்கும் நாக்கா 0012 கணக்குகளில் இதே 60 லட்சத்தில் 10 டிகிரிக்கு 1.09ஐ ஒட்டிய எண் இருக்கிறது, தியரி 1.097. பல மணி நேரம் கணினி ஓடிக் கண்டுபிடிக்கும் விடைக்கும் கால்குலேட்டரில் ஒரு பெருக்கலுக்கும் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை.

இதைச் சொல்லும்போது சிலர் "அப்படியென்றால் தியரியே போதும், மென்பொருள் எதற்கு" என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று சரிசெய்துகொள்வது எல்லா ஏர்ஃபாயிலுக்கும் எல்லா வேகத்துக்கும் நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. நாக்காவின் நான்கு இலக்க வரிசையிலேயே தடிமன் கூடக் கூட, காற்றுக்குகையில் அளந்த லிஃப்ட் சரிவு (ஒரு டிகிரிக்கு லிஃப்ட் கெழு ஏறும் அளவு) கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது; பாகுத்தன்மை இல்லாத கணக்கோ ஏறும் என்கிறது. பின்விளிம்பு தடித்த கோணத்தில் முடிவதால் மேல்பக்கப் படலம் அங்கே ரொம்பச் சிரமப்படுகிறது, தடிமன் கொடுத்த லாபத்தை அது சாப்பிட்டுவிடுகிறது. எந்தப் பிழை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், பாகுத்தன்மையை ஒரு சுவிட்ச் போல அணைக்கவும் போடவும் விடுகிற இந்த மாதிரி கருவி வேண்டும். காற்றோட்டத்தை முழுசாகக் கணினியில் கணக்கிடும் பெரிய சி.எஃப்.டி. மென்பொருள்களிலும் செய்யலாம்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வலைப்பின்னல் போட்டு, ஓடவிட்டு, காத்திருந்து பார்ப்பதற்குள் கேள்வியே மறந்துபோகும்.

அழுத்தப் பரவல் படத்தையும் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வேன். தியரிப்படி சமச்சீர் தட்டின் முன்விளிம்பில் காற்றின் வேகம் முடிவிலிக்குப் போகும், கூர்மையான நுனியைச் சுற்றித் திரும்ப வேறு வழியில்லை. எக்ஸ்ஃபாயிலில் 0012ஐ 10 டிகிரிக்குத் திருப்பினால் முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் மேல்பக்கத்தில் ஓர் ஊசிமுனை எழுந்து நிற்கும், அழுத்தக் கெழு மைனஸ் 5ஐத் தாண்டிப் போகும், ஆனால் முடிவிலி இல்லை. உருண்டையான மூக்கு காற்றுக்குத் திரும்ப இடம் கொடுக்கிறது. இதையே 0006க்குச் செய்து பார்த்தால் ஊசி இன்னும் ஒல்லியாக, இன்னும் உயரமாக நிற்கும். அடுத்து வருகிற ஸ்டால் (கோணம் அதிகமாகி லிஃப்ட் சரிந்துபோவது) விஷயம் முழுவதும் அந்த ஊசியில்தான் இருக்கிறது.

ஸ்டால் பற்றித் தியரிக்கு எதுவும் தெரியாது. 40 டிகிரி கொடுத்தாலும் இரண்டு பையால் பெருக்கி ஒரு விடை சொல்லும். நிஜத்தில் 60 லட்சம் ரெனால்ட்ஸ் எண்ணில், வழுவழுப்பான பரப்பில் நாக்கா அளந்த உச்ச லிஃப்ட் கெழுக்கள் 0006க்குச் சுமார் 0.9, 0009க்குச் சுமார் 1.3, 0012க்குச் சுமார் 1.6. மூன்றுக்கும் சரிவு ஏறக்குறைய ஒன்றுதான், ஏறிப்போகும் கோடு ஒன்றன்மேல் ஒன்று விழும், ஆனால் ஒன்று 9 டிகிரியிலேயே சரிந்துவிடுகிறது, இன்னொன்று 16 டிகிரி தாண்டி நிற்கிறது. மெல்லிய மூக்கில் அந்த ஊசிமுனையைத் தாண்டியதும் அழுத்தம் திடீரென்று ஏற வேண்டியிருக்கிறது, எல்லைப்படலம் அதைத் தாங்காமல் பரப்பை விட்டுப் பிரிந்துவிடுகிறது. வாலுக்கு மெல்லிய வடிவம் நல்லது என்று கேள்விப்பட்டு 6 சதவீதத்தில் செய்துவிட்டு, முழு எலிவேட்டர் இழுக்கும்போது வால் கைவிடுகிறது என்று புலம்புபவர்களுக்கு விடை இந்த மூன்று எண்களில் இருக்கிறது.

எக்ஸ்ஃபாயில் இந்த வரிசையைச் சரியாகச் சொல்லும், எது முதலில் ஸ்டால் ஆகும், எது தாக்குப்பிடிக்கும் என்பது பிழையில்லாமல் வரும். ஆனால் உச்ச எண்ணைக் கூடுதலாகச் சொல்கிற வழக்கம் இதற்கு உண்டு. இது யாரும் ஒளித்துவைக்காத, எல்லோருக்கும் தெரிந்த குறை. பெரிய அளவில் காற்று பிரிந்துபோன நிலைக்கு இதன் எல்லைப்படலக் கணக்குமுறை பொருந்தாது, அதனால் ஸ்டாலுக்கு அப்பால் அது வரைகிற கோட்டை ஒரு போக்காக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும் வேகத்தைக் கணக்கிட உச்ச லிஃப்ட் வேண்டுமென்றால், இது தரும் எண்ணை அப்படியே எடுக்காமல் தாராளமாகக் கழித்துக்கொள்வதே என் வழக்கம். தரைக்குப் பக்கத்தில் வேகம் குறைந்துபோன மாடலுக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது.

இனி இந்த மென்பொருள் உண்மையிலேயே தன் விலைமதிப்பைக் காட்டும் இடத்துக்கு வருகிறேன், குறைந்த ரெனால்ட்ஸ் எண். நாண் 15 சென்டிமீட்டர், வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்றால் ரெனால்ட்ஸ் எண் 1 லட்சம்தான். வால் அதைவிடக் குறுகல், அங்கே 50,000, 60,000 என்று இறங்கிவிடும். இந்த இடத்தில் தியரியின் நேர்கோடு உடைந்துபோகிறது. "ஏசெக்" என்ற கட்டளையில் பூஜ்ஜியத்திலிருந்து 4 டிகிரி வரை கால் டிகிரிப் படியாக 0012ஐ ஓட்டிப் பாருங்கள். கோடு நேராக வராது, தொடக்கத்தில் சோம்பலாக நெளிந்து, பிறகு இரண்டு பையையும் தாண்டிச் செங்குத்தாக ஏறி, பிறகு மறுபடி படுக்கும். இது மென்பொருளின் கோளாறு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். 50,000ஐ ஒட்டிய ரெனால்ட்ஸ் எண்களில் காற்றுக்குகையிலேயே 0012 இப்படித்தான் நடந்துகொள்கிறது, சின்னக் கோணத்தில் லிஃப்ட் எதிர்த்திசையில் வந்ததாகக்கூட அளவீடுகள் இருக்கின்றன.

காரணம் தெரிந்தால் ஆச்சரியம் போய்விடும். இவ்வளவு குறைந்த எண்ணில் எல்லைப்படலம் பின்விளிம்பு வரைக்கும் லாமினாராகவே, அதாவது கலங்காமல் அடுக்கடுக்காகவே, போக முயல்கிறது, லாமினார் படலத்துக்கு ஏறும் அழுத்தத்தை எதிர்த்து நிற்கத் தெம்பு இல்லை, பின்பாதியில் இரண்டு பக்கமும் பிரிந்துவிடுகிறது. லேசாகக் கோணம் கொடுத்தால் மேல்பக்கம் பிரியும் இடம் முன்னால் நகர்கிறது, கீழ்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் பின்னால் வரை ஒட்டிக்கொள்கிறது. பின்னால் விடுபடும் காற்று கீழே போவதற்குப் பதில் மேலே சாய்ந்துவிடும், இறக்கை மேலே போக வேண்டிய நேரத்தில் கீழே போகப் பார்க்கும். மெதுவாகப் பறக்கும் கிளைடர்களில் தடித்த சமச்சீர் வால் வைத்தால், ஸ்டிக்கை நடுவில் லேசாக ஆட்டும்போது எதுவும் நடக்காமல், கொஞ்சம் தாண்டியதும் சட்டென்று பிடிக்கும் என்று மாடல்காரர்கள் சொல்வார்களே, அந்தச் செத்த மண்டலம் இதுதான். சர்வோவையும் இணைப்புக் கம்பியையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், பிரச்சினை காற்றில் இருக்கும். ட்ரெலா இதே மென்பொருளை வைத்து மாடல் கிளைடர்களின் வாலுக்கென்றே எச்.டி. என்று தொடங்கும் மெல்லிய ஏர்ஃபாயில் வரிசை ஒன்றை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறார். குறைந்த ரெனால்ட்ஸ் எண்ணில் வால் செய்பவர்கள் 0012ஐ எடுப்பதற்கு முன்னால் அவற்றை ஒரு தடவை இதில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், பூஜ்ஜியத்தைச் சுற்றிக் கோடு எவ்வளவு நேராக வருகிறது என்று பார்த்தாலே போதும்.

இந்த இடத்தில் இன்னொரு அமைப்பைத் தொடாமல் விடக் கூடாது. "என்கிரிட்" என்று ஒரு எண் உண்டு, லாமினார் படலம் எப்போது கொந்தளிப்பாக மாறும் என்பதை அது தீர்மானிக்கிறது. தொடக்க மதிப்பு 9, சராசரி காற்றுக்குகைக்கு உரியது. அமைதியான வானத்தில் போகும் கிளைடருக்கு 12 முதல் 14, கலங்கலான காற்றுக்குகைக்கு 4 முதல் 8 என்று கையேட்டிலேயே கொடுத்திருக்கிறார்கள். 60 லட்சத்தில் இதை மாற்றினாலும் லிஃப்ட் பெரிதாக அசையாது. 80,000இல் மாற்றிப் பாருங்கள், அந்த நெளிவின் உருவமே மாறிப்போகும். அதனால் குறைந்த எண்ணில் யாராவது ஒரே ஒரு வளைகோட்டைக் காட்டி "இதுதான் 0012இன் லிஃப்ட்" என்றால், என்கிரிட் எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் அந்த வளைகோட்டை ஒதுக்கிவிடலாம்.

தொல்லைகள்? இருக்கின்றன. கணக்கு ஒருங்கவில்லை என்று அடிக்கடி ஒரு செய்தி போட்டு நின்றுவிடும், புதிதாக வருபவர்களை விரட்டுவதில் கறுப்பு ஜன்னலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். நேரே 12 டிகிரிக்குக் குதித்தால் பெரும்பாலும் இப்படி ஆகும். பூஜ்ஜியத்திலிருந்து சின்னச் சின்னப் படிகளாக ஏறினால் முந்தைய விடையையே அடுத்ததற்குத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு ஒழுங்காக ஓடும். "இட்டர் 100" என்று போட்டு முயற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும், அதிலும் சிக்கினால் "இனிட்" போட்டுப் பழைய எல்லைப்படலத்தை மறக்கச் செய்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். இணையத்திலிருந்து எடுத்த புள்ளிக் கோப்பை ஏற்றும்போது "பேன்" போடாமல் விட்டால் புள்ளிகள் ஏறுக்குமாறாக இருந்து எண்களைக் கெடுக்கும். சமச்சீர் ஏர்ஃபாயிலில் ஒரு பெரிய வசதி, சோதிப்பது சுலபம்: பூஜ்ஜிய டிகிரி கொடுத்தால் லிஃப்ட் பூஜ்ஜியம் வந்தாக வேண்டும், கால்பங்குப் புள்ளியைச் சுற்றிய திருப்பமும் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். வரவில்லை என்றால் கோப்பில் ஒரு பக்கப் புள்ளி பிசகியிருக்கிறது, மேலே போகாமல் அதைச் சரிசெய்யுங்கள்.

ஒலிவேகத்தை நெருங்கும் வேலைக்கு இது ஆகாது, அதை இழுத்துப் பிடித்துச் சோதிப்பதில் பயனில்லை. தமிழில் ஒரு வழிகாட்டியும் என் கண்ணில் படவில்லை, ஆங்கிலக் கையேடு மட்டும்தான், ஆனால் அது மிக நன்றாக எழுதப்பட்ட ஒரு சாதாரண உரைக்கோப்பு, ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். கறுப்பு ஜன்னல் பிடிக்கவே பிடிக்காதவர்கள், பிரான்சின் ஆந்த்ரே டெப்பெருவா எழுதிய எக்ஸ்எஃப்எல்ஆர்5ஐ எடுத்துக்கொள்ளலாம், அதுவும் இலவசம். உள்ளே இருப்பது எக்ஸ்ஃபாயிலின் கணக்குதான், வெளியே பொத்தான்களும் வண்ண வரைபடங்களும் உண்டு, பல ரெனால்ட்ஸ் எண்களை ஒரே மூச்சில் ஓட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்க்கலாம். மாணவர்களுக்கு நான் முதலில் எக்ஸ்ஃபாயிலையும் பிறகு அதையும் சொல்வேன். பாகுத்தன்மையை அணைத்துப் போட்டு விளையாடும் அந்த முதல் பாடம் கறுப்பு ஜன்னலில்தான் சுத்தமாகக் கிடைக்கிறது.

மதிப்பெண் கேட்டால், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ரெனால்ட்ஸ் எண்ணில் 8, 10 டிகிரிக்குள் சமச்சீர் ஏர்ஃபாயிலின் லிஃப்ட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, அதே இடத்தில் கால்குலேட்டருக்கும் ஐந்துக்கு ஐந்து. குறைந்த ரெனால்ட்ஸ் எண்ணுக்கு நாலு, அந்த விலையில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஸ்டாலுக்கு இரண்டரை.

எக்ஸ்எஃப்எல்ஆர்5 பக்கம் போவதற்கு வலுவான காரணம் வேறு ஒன்று இருக்கிறது, முழு இறக்கை. எக்ஸ்ஃபாயில் தருவது முடிவில்லாத நீளமுள்ள இறக்கையின் ஒரு வெட்டுமுகத்துக்கான எண். அதை அப்படியே விமானத்துக்குப் போடக் கூடாது, நுனியில் கீழ்க்காற்று மேலே சுற்றி வருவதால் இறக்கைக்குக் கிடைக்கும் கோணம் குறைந்துபோகும். ஓர் உதாரணம் போட்டுவிடுகிறேன். இறக்கை 1.2 மீட்டர் நீளம், நாண் 20 சென்டிமீட்டர், பரப்பு 0.24 சதுர மீட்டர், நீளத்துக்கும் நாணுக்கும் விகிதம் 6. எடை 1.2 கிலோ, வேகம் நொடிக்கு 15 மீட்டர். இதைச் சமமாகத் தாங்க வேண்டிய லிஃப்ட் கெழு சுமார் 0.36. இரண்டு பைக் கணக்கை அப்படியே போட்டால் மூன்றேகால் டிகிரி போதும் என்று வரும். விகிதம் 6 உள்ள இறக்கைக்குச் சரிவை 6இன் கீழ் 8ஆல், அதாவது முக்காலால் பெருக்கிக்கொள்ள வேண்டும், அது நீள்வட்ட லிஃப்ட் பரவலுக்கான பிராண்டில் கணக்கு, நேர் இறக்கைக்கு இன்னும் சற்றுக் குறையும். அப்போது தேவைப்படும் கோணம் 4.3 டிகிரி. இறக்கையை உடலில் எந்தக் கோணத்தில் ஒட்டுவது என்று முடிவு செய்யும்போது அந்த ஒரு டிகிரி பெரிய வித்தியாசம். இதன் ரெனால்ட்ஸ் எண் 2 லட்சம் என்பதால், ஒட்டுவதற்கு முன்னால் 0012ஐ அந்த எண்ணில் ஒரு தடவை ஓட்டி, 2இலிருந்து 6 டிகிரி வரை கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பசையை எடுங்கள்.